பிளம்ஸ் பருவத்துக்கு முன் பழக்கூழ் மையம் வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் (12 பேர்),
கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திண்டுக்கல்.

பொருள்: எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் சேமிப்புக் கூடத்தைப் பழக்கூழ் எடுத்து உறைய வைக்கும் பொது மையமாக மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் குழுவில் 12 பேர். ஏழு பேருக்குச் சொந்தமாகப் பிளம்ஸ், பேரிக்காய் மரங்கள் உண்டு. மற்ற ஐந்து பேர் கூலிக்குப் பழம் பறிப்பவர்கள். ஆறு ஆண்டுகளாக ஜாமும் ஸ்குவாஷும் போட்டு விற்கிறோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு முறையாக இருக்கிறது. வங்கிக் கடன் ஒன்றை அடைத்துவிட்டோம், இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தொழில் படுத்துவிட்டது என்று சொல்லி அழ வரவில்லை. தொழில் நடக்கிறது, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த இடம் எது என்று சொல்லத்தான் இந்த மனு.

மலையில் பிளம்ஸ் மே மாதம் பழுக்கத் தொடங்கும், ஜூனில் குவியும். பழுத்த பழம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. பருவம் தொடங்கும்போது கிலோ 60 ரூபாய்க்கு எடுக்கும் வியாபாரி, ஜூன் நடுவில் 20 ரூபாய் என்பார். அதற்கும் கீழே போனால் பறிகூலியும் வத்தலக்குண்டு வரை வண்டி வாடகையும் கட்டாது, பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவோம். அந்த வாசத்துக்குக் காட்டுமாடு வீட்டு வாசல் வரைக்கும் வருகிறது. அது வனத்துறைக்கு எழுத வேண்டிய மனு, இங்கே விடுகிறோம்.

ஜாம் விற்பது வேறு காலத்தில். ஏப்ரல், மே கோடைக் கூட்டம், பூஜை விடுமுறை, அப்புறம் டிசம்பர் கடைசி. பழம் குவிகிற ஜூன் நடுவில் பள்ளிக்கூடம் திறந்து, சாரலும் தொடங்கி, கடைவீதி ஓய்ந்துவிடும். ஆக, சுமார் 40 நாளுக்குள் ஓராண்டுக்கான ஜாமைக் கிண்டி அடைத்து வைத்துவிட வேண்டும். கொட்டை எடுப்பதும் கூழ் பிழிவதும் கையால்தான் என்பதால் ஒரு நாளைக்கு 40 கிலோ பழத்தைத் தாண்ட முடியவில்லை. தாண்டினாலும் பயனில்லை. சர்க்கரை, பாட்டில், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மாதத்தில் பணம் புரட்ட வேண்டும். விற்ற பணம் முழுவதும் கைக்கு வந்து சேர அடுத்த ஏப்ரல் ஆகிவிடும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எங்களைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் நான்கு பயிற்சிக்குப் போய்விட்டோம். எல்லாவற்றிலும் ‘புதுமை’தான் பாடம்: புதிய பண்டம் கண்டுபிடியுங்கள், புதிய லேபிள் ஒட்டுங்கள், புதிய சுவை சேருங்கள். குறை சொல்லவில்லை, சில விஷயங்கள் பயன்பட்டன. ஆனால் அங்கே சொல்லித் தருவது கீழ்நாட்டுக் கணக்கு. அது மலையில் பொய்க்கும் என்பதை நாங்கள் காசு கொடுத்துத்தான் கற்றோம்.

முதல் பயிற்சியில், ஜாம் 105 டிகிரி தொட்டதும் இறக்குங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படியே செய்தோம். வெப்பமானி 98-ஐத் தாண்டியது, 100-ஐத் தாண்டியது, நாங்களும் விடாமல் கிண்டினோம். கடைசியில் அண்டாவில் இருந்தது ஜாம் இல்லை, கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடாத மிட்டாய். எட்டுக் கிலோ போச்சு. காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீரே 93 டிகிரியில் கொதித்துவிடும். அதற்கு மேல் நான்கைந்து டிகிரி, அதாவது 97, 98 வந்தாலே ஜாம் பதம் முடிந்துவிட்டது. இப்போது டிகிரியை நம்புவதே இல்லை. சர்க்கரைச் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று சொந்தக் காசில் வாங்கி, கரைந்த திடப்பொருள் (பெரும்பாலும் சர்க்கரைதான்) விதிப்படி 65 சதவீதம் வந்ததா என்று பார்த்துத்தான் இறக்குகிறோம். பாட்டிலைக் கொதிநீரில் வைக்கும் நேரத்தையும் கூட்டிவிட்டோம். எங்கள் தொழிலில் நடந்த மெய்யான புதுமை இதுதான் என்று நினைக்கிறோம், இதற்கு யாரும் சான்றிதழ் தரவில்லை என்றாலும்.

கூழை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கிண்டினால் என்ன என்று முன்பே யோசித்தோம். கெடாமல் காக்கும் மருந்தான பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போட்டுக் கேனில் அடைத்துப் பார்த்தோம். பிளம்ஸின் சிவப்பு முழுக்க வெளுத்துவிட்டது. அந்த மருந்து சிவப்புப் பழங்களின் சாயத்தை வெளுக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. சோடியம் பென்சோயேட் போடலாம். ஆனால் எங்களிடம் வாங்குபவர்கள் மருந்து போடாத ஜாம் என்றுதான் வாங்குகிறார்கள், அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. மிச்சம் இருப்பது ஒரே வழி. கூழை மைனஸ் 18 டிகிரியில் உறைய வைப்பது. அப்படி வைத்தால் ஜூனில் பழத்தையும் பறிகூலியையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். சர்க்கரையும் பாட்டிலும் மாதாமாதம் விற்பனைக்குத் தக்கபடி வாங்கிக்கொள்ளலாம். ஜாமும் புதிதாகக் கிண்டியதாக இருக்கும்.

இப்போது பருவத்தில் எவ்வளவு பணம் முடங்குகிறது என்பதற்கு எங்கள் நோட்டுக் கணக்கு ஒன்று. அரைக் கிலோ ஜாமுக்குப் பழம் 12 ரூபாய், சர்க்கரை 12, கேஸ் 6, கண்ணாடிப் பாட்டிலும் மூடியும் மலையேறி வந்து சேர 22. பழத்தைவிடப் பாட்டிலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிளாஸ்டிக் கட்டுப்பாட்டை நாங்கள் முழு மனதாக ஆதரிக்கிறோம், பள்ளத்தாக்கில் கிடக்கும் பாட்டில்களைப் பொறுக்குவதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் கண்ணாடிக்கு மாறியவர்களுக்கு அந்தச் செலவு முழுவதும் பருவத்திலேயே விழுகிறது. மதுப் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பித் தந்தால் கொடுத்துவிடும் முறையை 2022-இல் நீலகிரியில் தொடங்கினார்கள். ஜாம் பாட்டிலுக்கும் அப்படிச் செய்ய எங்களுக்கு விருப்பம் உண்டு. அது இரண்டாவது வேலை, முதலில் கூழ்.

மலைப் பழத்தைப் பக்குவப்படுத்தி விற்பது ஒன்றும் புதிய யோசனை அல்ல. கீழே பழனியில் மலை வாழையையும் சர்க்கரையையும் பேரீச்சையையும் நெய்யையும் தேனையும் சேர்த்து, சொட்டுத் தண்ணீர் விடாமல், மருந்து எதுவும் போடாமல் பஞ்சாமிர்தம் செய்கிறார்கள். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே ஆண்டில்தான் எங்கள் மலைப்பூண்டுக்கும் கிடைத்தது. பூண்டை எண்ணெயில் ஊறவைத்து விற்கச் சொல்லி எங்களிடம் கேட்பவர்கள் நிறைய. மறுத்துவிடுகிறோம். புளிப்பில்லாத பொருளைப் பாட்டிலில் அடைத்தால் விஷக் கிருமி வளர வாய்ப்புண்டு, அதைக் கொல்ல அழுத்தக் கலன் வேண்டும், சோதிக்க ஆய்வகம் வேண்டும். இரண்டும் இல்லாமல் அந்த வேலையில் இறங்க மாட்டோம்.

இனி, கேட்பதைச் சொல்கிறோம். எங்கள் ஊரில் சேமிப்புக் கூடம் ஒன்று இருக்கிறது. கட்டி முடித்த நாளிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. கூரை நன்றாக இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது, லாரி வந்து திரும்ப இடமும் இருக்கிறது. மும்முனை மின்சாரம் மட்டும் இல்லை. சாவி கேட்டு இரண்டு அலுவலகங்களுக்கு நடந்தோம். ஒவ்வொருவரும் அடுத்தவர் பொறுப்பு என்றார்கள். அந்தக் கூடத்தை ஐந்தாண்டுக்கு வாடகைக்கு எங்களிடம் தந்து, கொட்டை நீக்கிக் கூழ் எடுக்கும் இயந்திரம் ஒன்றும், இரண்டு டன் கூழ் கொள்ளும் உறைபதன அறை ஒன்றும், மின்சாரம் போனால் தாங்குவதற்கு ஒரு ஜெனரேட்டரும் அமைத்துத் தர வேண்டுகிறோம். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் இரண்டு நாள்கூட மின்சாரம் வராது, ஜெனரேட்டர் இல்லாமல் உறைபதன அறை வெறும் அலமாரிதான்.

பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள், பார்த்தோம். 2020-இல் வந்த அந்தத் திட்டம் நல்ல திட்டம்தான். தனி நிறுவனத்துக்கு 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம்; உறுப்பினருக்கு 40,000 ரூபாய் தொடக்க நிதியும் உண்டு. ஆனால் அதற்கான கடனுக்கு வங்கி அடமானம் கேட்கிறது. எங்களில் பாதிப் பேரின் நிலத்துக்குப் பட்டாவே கூட்டாக இருக்கிறது. பொது வசதியாக அரசு அமைத்து, பயன்படுத்தும் குழுக்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் சுமை பரவலாகும். எந்தத் திட்டக் கணக்கில் என்பதைத் தங்கள் அலுவலகமே முடிவு செய்யலாம்.

வாடகை, மின்கட்டணம், பராமரிப்பு மூன்றும் எங்கள் பொறுப்பு. சுற்றுவட்டத்தில் இன்னும் நான்கு குழுக்கள் ஜாம் போடுகின்றன, அவர்களிடமும் பேசிவிட்டோம். கிலோவுக்கு 4 ரூபாய் கூலி தர ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார்கள். வரவு செலவு நோட்டை மாதம் ஒரு முறை தங்கள் அலுவலர் யார் வந்தாலும் காட்டுவோம். ஓராண்டு முடிந்து மையம் ஓடவில்லை என்றால் சாவியை நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

கூடவே சிறிய வேண்டுகோள் ஒன்று. மாதிரிப் பாட்டிலைப் பரிசோதனைக்குக் கொடுக்க ஒவ்வொரு தடவையும் ஒருத்தி மலையிறங்கி மதுரை போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் ஆகிறது. மாதம் ஒரு நாள் கொடைக்கானலிலேயே மாதிரிகளைப் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தால் எல்லாக் குழுக்களுக்கும் உதவியாக இருக்கும்.

பிளம்ஸ் மே மாதம் வந்துவிடும். மின் இணைப்புக்கு மட்டும் மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள். ஆகவே ஜனவரிக்குள் கூடத்தைத் தங்கள் அலுவலர் ஒருவர் நேரில் பார்வையிட்டு, அது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையாவது எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: மூன்று ஆண்டு வரவு செலவு நோட்டின் நகல், நான்கு குழுக்களின் ஒப்புதல் கடிதங்கள், கூடத்தின் புகைப்படங்கள், ஜாம் பாட்டில் ஒன்று (பரிசோதனைக்கு மட்டும்).

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழுச் செயலாளரும் உறுப்பினர்களும்
(12 கையொப்பங்கள்)