‘ஒரு பைக்கு ஐந்து ரூபா ஊருக்கு’: கணக்குக் கேட்டு ஒரு முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் தொடர்புப் பிரிவு.

ஐயா / அம்மணி,

விடயம்: பையில் அச்சிட்டுள்ள ‘கல் தந்த ஊருக்கு ஐந்து ரூபா’ வாக்குறுதி

மருதனார்மடத்தில் கட்டடப் பொருள் கடை வைத்திருக்கிறேன். சுவருக்குப் பூசும் உங்கள் ஸ்கிம் கோட், வெள்ளைச் சுண்ணாம்பு, தோட்டத்துக்குப் போடும் சுண்ணாம்புத் தூள் மூன்றையும் பல வருடமாக எடுத்து விற்கிறேன். சரக்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மேசன்மார் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். முறைப்பாடு பையின் வெளிப்பக்கத்தில் அச்சடித்திருப்பதைப் பற்றியது.

ஒரு பை விற்றால் கல் அகழும் ஊருக்கு ஐந்து ரூபா போகிறது என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பை வந்த கையோடு உங்கள் விற்பனைப் பிரதிநிதித் தம்பி ஒரு தட்டியும் கொண்டுவந்து கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போனார். விலையும் அதோடு ஏறியது. வீடு கட்டுகிற சனம் பத்து ரூபாவுக்கும் பேரம் பேசுகிற காலம். “என்ன அண்ணை, கூடிப்போச்சே” என்று கேட்டால், “ஊருக்குப் போற காசு தம்பி” என்று தட்டியைக் காட்டித்தான் விற்று வந்தேன்.

அந்த ஊரில்தான் என் அக்கா குடும்பம் இருக்கிறது. அதனால் காசு போய்ச் சேர்ந்த இடங்களை என் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தின் பெயரைவிட உங்கள் சின்னம் பெரிது. பஸ் தரிப்பிடத்துக்கு உங்கள் நிறம் பூசியிருக்கிறீர்கள் (பஸ் வருவது எப்போது என்பது வேறு கதை). சனசமூக நிலையத்துக்கு முன்னால் உயரமான தண்ணீர்த் தாங்கி ஒன்று, ‘அன்பளிப்பு’ என்ற எழுத்தோடு. தாங்கிக்குள் தண்ணீர் வருவது பிரதேச சபை பவுசர் வந்தால்தான்.

அந்தத் தாங்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் தலைகாட்டும். குடிக்கவும் இறைக்கவும் கிணறுதான். ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே உள்ள உப்பு நீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியல்காரர் சொல்லும் கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்தக் கல் மூலப்பொருள். எங்களுக்கு அதுதான் தண்ணீர் நிற்கும் இடம்.

அக்கா வீட்டுக் கிணறு சவராகிவிட்டது. அதற்கு நீங்கள் கல் அகழும் கிடங்குதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. சுற்றிவரத் தோட்டங்களுக்கு மோட்டர் போட்டு இறைக்கிறார்கள், அதுவும் இருக்கலாம். எது காரணம் என்று சொல்ல ஓர் அளவீடும் ஊரில் இல்லை, அதுதான் என் முறைப்பாடு. ஒரு மேடை, பந்தல், பொன்னாடைக்குச் செலவழிக்கிற காசில் இரண்டு கண்காணிப்புக் கிணறு போட்டு, மாதாமாதம் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து சனசமூக நிலையப் பலகையில் ஒட்டலாம். கெட்டுப்போன தண்ணீரைத் திருப்பி எடுக்க என்ன செலவாகும் என்பதற்குத் தாளையடியைப் பாருங்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்க அரசாங்கம் வெளிநாட்டுக் கடனில் ஆலை கட்டி, 2024 இல்தான் திறக்க முடிந்தது.

உங்கள் துண்டுப்பிரசுரத்தில் ‘சமூக முதலீடு’ என்ற தலைப்பின் கீழ் கிடங்கைச் சுற்றி வேலி போட்டதும், டிப்பர் ஓடும் ஒழுங்கைக்குத் தண்ணீர் தெளித்ததும் இருக்கின்றன. இவை எப்படி முதலீடு? கிடங்கு உங்களுடையது, தூசி உங்களுடையது. நிலத்தைச் சீர்ப்படுத்திக் கொடுப்பது அகழ்வு அனுமதியோடு வரும் கடமை. அதற்கு என் வாடிக்கையாளரின் ஐந்து ரூபா எதற்கு? காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 இல் தொடங்கி, 1990 இல் யுத்தத்தோடு நின்றது. எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்ட ஆலை என்று அப்பாவின் வயதுக்காரர் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஆலை நின்ற பிறகும் கல் அகழ்ந்த கிடங்குகள் அங்கேயே கிடக்கின்றன. உங்கள் கிடங்கை மூடும் திட்டம் என்ன, அதற்கென்று ஒதுக்கிய காசு எங்கே என்று கேட்க எங்களுக்கு அந்த அனுபவம் போதும்.

‘சர்வதேசத் தரத்தில்’ என்றும் அதே பிரசுரம் சொல்கிறது. கானாவின் அகாஃபோ தங்கச் சுரங்கத்தில் நியூமொன்ற் நிறுவனம் 2008 இல் ஊர்களோடு ஒப்பந்தம் போட்டது: விற்கும் ஒவ்வோர் அவுன்சுக்கும் ஒரு டொலர், தேறிய இலாபத்தில் 1 வீதம், இரண்டும் ஓர் அறக்கட்டளைக்கு. இந்தியாவில் 2015 முதல் சுரங்கக்காரர்கள் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, கனிமம் எடுப்பதற்காக அரசுக்குத் தாங்கள் செலுத்தும் உரிமத் தொகையின் அளவில் 10 வீதமோ, பழைய குத்தகை என்றால் 30 வீதமோ மேலதிகமாகக் கட்ட வேண்டும். அங்கெல்லாம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் எவ்வளவு வரவேண்டும் என்பது ஊருக்குத் தெரியும். உங்கள் ஐந்து ரூபாவில் எத்தனை பை விற்றது என்பதே யாருக்கும் தெரியாது. ஊர்க் கூட்டம் என்று கூப்பிட்டு வரவுக் கையெழுத்து வாங்கினார்களாம். என்ன செய்யலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை என்கிறார் அக்கா.

பிரதிநிதியிடம் கணக்குக் கேட்டேன். கலண்டர் தந்தார்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வியாபாரி எவரும் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தக் கூடாது. வியாபாரி என்றால் நானும்தான். நாளைக்கு ஒருவர் முறைப்பாடு போட்டால் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள்.

ஆகவே வாக்குறுதி தொடங்கிய நாளிலிருந்து எத்தனை பை விற்றது, ஐந்து ரூபாப்படி எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவானது என்பதைத் தமிழில் எழுதி எனக்கும் ஊரின் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். வேலியும் தண்ணீர் தெளிப்பும் அந்தக் கணக்கில் வரக் கூடாது. மீதியை எதற்குச் செலவழிப்பது என்று சங்கம் தீர்மானிக்கட்டும்; கிணற்று நீர்ப் பரிசோதனையை முதலில் வைப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தின் பிரதி அதிகாரசபையின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் போகும்.

தட்டியைக் கழற்றிக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறேன், அடுத்த முறை வரும்போது தம்பி எடுத்துக்கொண்டு போகலாம். கையிருப்பில் உள்ள பைகளை ஐந்து ரூபா குறைத்து விற்கிறேன். அந்தக் குறைவை என் அடுத்த பற்றுச்சீட்டில் கழித்துவிடவும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கடை உரிமையாளர்,
மருதனார்மடம்.