அந்த கப்சூலை சீரகத்துக்கு குடுத்திடாத பிள்ளை

என்ர குஞ்சு,

முதல்ல இதை மட்டும் வாசி, மிச்சத்தை ஆறுதலா வாசிக்கலாம். மாமாட்ட குடுத்துவிட்ட மருந்து பாக்குக்குள்ள கிடக்கிற அமொக்சிசிலின் எண்ட பெனிசிலின் வகை அன்ரிபயோட்டிக் கப்சூலை சீரகத்துக்கு குடுக்காத. உடைச்சும் குடுக்காத, தண்ணியில கரைச்சும் குடுக்காத, ஒரு துளிகூட வேண்டாம். அது மனுசருக்கு. சீரகம் சின்சிலா எல்லே, முயல் மாதிரி கொறிக்கிற சின்ன மலைச் சீவன், அதுக்கு வாயால அந்த மருந்து போனா சாகக்கூடும், நான் பயமுறுத்த சொல்லேல்ல, உண்மையா சொல்லுறன்.

இஞ்ச இப்ப விடிய நாலு மணி. திருவெம்பாவை தொடங்கிட்டுது, கோயில் ஸ்பீக்கர் சத்தத்தில எழும்பி போனைப் பாத்தா உன்ர வொய்ஸ் மெசேஜ் கிடக்குது, "அம்மா சீரகம் தும்முறான், நேற்றேல இருந்து சாப்பாடும் குறைவு, அந்த கப்சூலில கொஞ்சம் குடுத்துப் பாக்கட்டே" எண்டு. எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. மூண்டு தரம் எடுத்தனான், உன்ர போன் வேலை செய்யேல்ல. அங்க பின்னேரம் அஞ்சரை, நீ வேலைக்குள்ள போயிருப்பாய், போன் லொக்கரில கிடக்கும். பிரேக்கில பாப்பாய் எண்டுதான் எழுதுறன். அப்பா கோயிலுக்கு நேரமாகுது எண்டு வாசல்ல நிண்டவர், நீங்கள் போங்கோ நான் வரேல்ல எண்டு சொல்லிட்டன்.

27 வருசம் கொழும்பு காலி வீதியில பார்மசியில நிண்டவள் நான், இந்த மருந்தை எத்தினை ஆயிரம் பேருக்கு எண்ணி உறையில போட்டுக் குடுத்திருப்பன். அதாலதான் உனக்கும் தொண்டை நோ வந்தா டொக்டரைக் கேட்டிட்டு போடு எண்டு வைச்சு விட்டனான். ஆனா சின்சிலா, முயல், கினி பிக் இதுகளின்ர குடல் எங்கட குடல் மாதிரி இல்லை. இதுகள் காய்ஞ்ச புல்லைத் தின்டு அதை குடலுக்குள்ள இருக்கிற நல்ல பக்டீரியாக்களை வைச்சு புளிக்கப் பண்ணித்தான் உயிர் வாழுறது. பெனிசிலின் வகை மருந்தை வாயால குடுத்தா அந்த நல்லதுகள் செத்துப்போகும், கெட்டது பெருகி நஞ்சை விடும், பிறகு வயித்தால போய் கொஞ்ச நாளிலயே உயிர் போயிடலாம். கிளிண்டமைசின் எண்ட மற்ற அன்ரிபயோட்டிக்கும் அப்பிடித்தான். வெட், மிருக டொக்டர், குடுக்கிறது வேற, என்ரோஃப்ளொக்சசின் மாதிரி, அதையும் அவன்ர நிறையை கிராமில பாத்து கணக்குப் போட்டுத்தான் குடுப்பினம். எதிர் வீட்டு அன்ரியிட்ட இதைச் சொன்னா உடன இஞ்சி போட்டு மல்லித்தண்ணி குடுக்கச் சொல்லுவா, அதுவும் வேண்டாம், விக்ஸ் கிட்டவும் கொண்டு போகாத.

சரி. இப்ப நீ வீட்டை போனதும் என்ன பாக்கோணும் எண்டு சொல்லுறன். மூக்கு ஈரமோ, கண்ணில பீளையோ, மூச்சு விடேக்க நெஞ்சுக்கூடு பெரிசா ஏறி இறங்குதோ, கிறீச் எண்டு சத்தம் வருதோ. இதில மூச்சு ஒண்டு பிழையா இருந்தாலும் விடியும் மட்டும் இருக்காத, இரவு திறந்திருக்கிற எமர்ஜென்சிக்கு கொண்டு போ. அதுவும் நாய் பூனை மட்டும் பாக்கிற இடம் இல்லை, இந்த வகை மிருகங்கள் பாக்கிற வெட் இருக்கிற இடமா கேட்டுப் போ, உன்ர ஃப்ரிட்ஜ் கதவில நான் அந்த நம்பரை ஒட்டிப்போட்டுத்தான் வந்தனான். மயிரைச் சுத்தமாக்க அவன் உருளுற மணல் குளிப்பை நிப்பாட்டு, அந்த தூசு மூக்குக்க போனா இன்னும் கூடும், தும்மல் முழுக்க மாறின பிறகு வைக்கலாம்.

ஆனா தும்மலைவிட எனக்குப் பயம் மற்றது, சாப்பாடு குறைவு எண்டு சொன்னனியே அதுதான். இந்தச் சீவன்கள் தங்கட வருத்தத்தை காட்டாதுகள், மலையில கழுகும் நரியும் பாத்துக்கொண்டு இருக்கேக்க நோ எண்டு காட்டினா பிடிச்சுக்கொண்டு போயிடும் எல்லே, அதால கடைசி மட்டும் ஒண்டும் இல்லாத மாதிரி நிக்கும். சாப்பாடு நிண்டா குடலும் நிண்டிடும், காத்து கட்டும், வாந்தி எடுக்கவும் இதுகளுக்கு ஏலாது. ஒரு நாள் முழுக்க ஒண்டும் தின்னாட்டி அது எமர்ஜென்சி. புழுக்கையை எண்ணு. நல்ல நேரத்தில அது கறுப்பரிசி மாதிரி நீளமா காய்ஞ்சு நிறைய கிடக்கும், குறைஞ்சுகொண்டு போனா இல்லாட்டி சின்னதா உருண்டா குடல் களைக்குது எண்டு அர்த்தம். தாடை நனைஞ்சிருந்தா பல்லுப் பிரச்சினை. முன் பல்லு செம்மஞ்சளா இருந்தா நல்லம், அது ஊத்தை இல்லை, அதுதான் அதின்ர இயல்பான நிறம், வெளுத்தாத்தான் யோசிக்கோணும்.

இதெல்லாம் எனக்கு என்னண்டு தெரியும் எண்டு உனக்குத் தெரியும், மிளகுக்கு வருத்தம் வந்த அந்த தை மாசம். ஆனா உனக்கு தெரியாத ஒரு விசயம் இருக்கு பிள்ளை. இவ்வளவு நாளும் சொல்லேல்ல. இப்ப சொல்லாட்டி பிழை.

நான் வந்து நிண்ட அந்த குளிர்காலம், வெளியில மைனஸ் 20, யன்னலால பாத்தா ஒரு சனம் இல்லை, நீ காலமை போனா இரவுதான் வருவாய், வீட்டில நானும் உன்ர ரெண்டு சின்சிலா, மிளகும் சீரகமும்தான். என்ர வாழ்க்கையில நுவரெலியா குளிருக்கு மேல நான் கண்டதில்லை. பாவம் இதுகளுக்கும் குளிரும் எண்டு நினைச்சு நான் ஒவ்வொரு நாளும் நீ போன பிறகு கூட்டை இழுத்துக்கொண்டு போய் சூடு வாற அந்த நிலத்து ஓட்டைக்கு கிட்ட வைச்சிட்டு, நீ வரமுதல் திருப்பி இடத்தில வைச்சிடுவன். காது ரெண்டும் சிவந்திருந்தது, வடிவா இருக்கு எண்டு நினைச்சன். அது சூடு தாங்கேலாமல் சிவந்தது எண்டு பிறகுதான் தெரியும். அதோட ஊரில இருந்து கொண்டு வந்த கஜுவும் முந்திரிகை வத்தலும் பின்னேரம் பின்னேரம் ரெண்டு ரெண்டு குடுத்தனான், மிளகு ரெண்டு கையாலயும் வாங்கி நெஞ்சோட வைச்சு தின்னேக்க எனக்கு உன்னை சின்னனில பாத்த மாதிரி இருக்கும். அதால நிப்பாட்டேலாமல் போட்டுது. கஜுவில இருக்கிற கொழுப்பும் வத்தலில இருக்கிற சீனியும் அதின்ர வயித்துக்கு ஆகாது எண்டு நீ சொன்னனிதான், நான் ரெண்டுதானே எண்டு நினைச்சன்.

மிளகு சாப்பாட்டை விட்ட அண்டைக்கு அந்த டொக்டர் பிள்ளை கேட்டவ, சாப்பாட்டில ஏதும் மாத்தம் செய்தனீங்களோ, கூடு வைச்ச இடம் மாறினதோ எண்டு. நீ என்னைப் பாத்தனி. நான் இல்லை எண்டு தலையாட்டினன். பார்மசியில எத்தினை பேரிட்ட நான் கேட்டிருப்பன், வேற ஏதும் மருந்து எடுக்கிறீங்களோ மறைக்காமல் சொல்லுங்கோ எண்டு, அப்பிடிப்பட்டவள் ஒரு வாயில்லாச் சீவன் மேசையில கூனிக்கொண்டு இருக்கேக்க பொய் சொன்னனான். அவ தெரியாமலே வேற வேற டெஸ்ட் செய்தா. உன்ர காசும் போனது, அதைவிட நேரம் போனது. 640 கிராமில இருந்த பிள்ளை ஆறு நாளில 571க்கு வந்தது. என்னை மன்னிச்சுக்கொள் செல்லம். மிளகிட்டயும் நான் கேட்டிட்டன், பிளைட் ஏற முதல்நாள் இரவு.

அதால நீ இண்டைக்கு வெட்டிட்ட எல்லாத்தையும் சொல்லு. நீ ஏற்கனவே அந்த கப்சூலில கொஞ்சம் குடுத்திருந்தாலும் சொல்லு, எத்தினை மணிக்கு, எவ்வளவு எண்டு. நான் கோவிக்க மாட்டன், அவையும் கோவிக்க மாட்டினம், தெரிஞ்சா செய்ய வேண்டியதை உடன செய்வினம்.

சூடு விசயம். சுகமா இருக்கிற சின்சிலாவுக்கு உங்கட வீட்டுக் குளிர் குளிரே இல்லை, 15, 18 பாகை அதுக்கு சொர்க்கம், 25க்கு மேல போனாத்தான் ஆபத்து. எங்களுக்கு ஒரு துவாரத்தில ஒரு மயிர், அதுக்கு 60, 70, அவ்வளவு அடர்த்தி, வேர்க்கவும் தெரியாது. யன்னல் இடுக்காலயும் கதவுக்கு கீழாலயும் நேர அடிக்கிற காத்துத்தான் கூடாது, ஈரமும் கூடாது, அதால அந்த அறையில உன்ர ஹியுமிடிஃபயரை போடாத. ஆனா வருத்தக்காரன் வேற. சாப்பாடு இல்லாத உடம்பில சூடு இறங்கும், காதைத் தொட்டுப் பார், ஐஸ் மாதிரி இருந்தா ஒரு போத்தலில வெதுவெதுப்பான தண்ணி விட்டு துவாயால சுத்தி கூட்டின்ர ஒரு பக்கத்தில மட்டும் வை. ஒரு பக்கத்தில மட்டும், விளங்குதோ, அவனுக்கு வேண்டாம் எண்டா தள்ளிப் போக இடம் இருக்கோணும். நான் அப்ப விட்ட பிழை அதுதான், போக இடம் குடுக்கேல்ல. மிளகை வேற அறைக்கு மாத்தவேணும் எண்டு வெட் சொன்னா மாத்து, இல்லாட்டி பக்கத்தில கண்ணுக்குத் தெரியிற மாதிரி விடு, அண்ணனும் தம்பியும் பிரிஞ்சா இன்னும் சாப்பிடாதுகள்.

வெட் பாத்திட்டு ஊட்டச் சொன்னா, கிரிட்டிக்கல் கெயார் பவுடர் குசினி மேல் தட்டில பாதி பாக்கெட் கிடந்தது, திகதியைப் பார், பழசெண்டா எறி. வயிறு ஊதி மேளம் மாதிரி இருந்தா வெட் சொல்லாமல் ஊட்டாத. வெதுவெதுப்பான தண்ணியில கூழ் பதத்துக்கு கரை, பேபிக்கு சுத்துற மாதிரி துவாயில சுத்து, ஆனா நெஞ்சை இறுக்காத, மல்லாக்காவும் படுக்க வைக்காத. சிரிஞ்சை முன்னால இருந்து குத்தாத, பக்கவாட்டால, முன் பல்லுக்கும் கடவாய்ப் பல்லுக்கும் நடுவில ஒரு வெளி இருக்கு எல்லே அதுக்குள்ளால, கொஞ்சமா விட்டு அவன் சப்பி விழுங்கினாப் பிறகு மற்றது. அவசரப்பட்டா மூச்சுக்குழாய்க்க போயிடும். பிடிக்கேக்க மயிரில பிடிக்காத, பயத்தில கொத்தாக் கழட்டி விட்டிடும். மிளகுக்கு நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நான் ஊட்டினன், 11 நாள். மூண்டாம் நாள் இரவு மூண்டு மணிக்கு குசினி லைட்டில என்ர சீலைத் தலைப்பில ரெண்டு புழுக்கை விழுந்தது, நான் அதை உள்ளங்கையில வைச்சுக்கொண்டு உன்னை எழுப்ப ஓடி வந்தது ஞாபகம் இருக்கோ. பேரப்பிள்ளை பிறந்தாலும் அப்பிடித்தான் ஓடி வருவன்.

போன முறை கேட்டனி, ஊரோட வந்தா இதுகளையும் கூட்டிக்கொண்டு வரலாமோ எண்டு. நான் அப்ப பதில் சொல்லேல்ல. வெள்ளவத்தையில மார்கழியிலயும் பகல் 30 பாகை, கடல் காத்தில உப்பும் ஈரமும், உடுப்பே ரெண்டு நாள் காயாது. இரவும் பகலும் ஏசி போடோணும். 2022 பங்குனியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவை, அப்பா மட்டையால விசிறிக்கொண்டு பல்கனியில படுத்தவர், அப்பிடி ஒரு நாள் வந்தா இதுகள் அண்டைக்கே போயிடும். நான் வாசிச்சனான், 1923இல சாப்மன் எண்ட ஒரு ஆள் சிலி மலையில இருந்து 11 சின்சிலாவை கலிபோர்னியாவுக்கு கொண்டு போனவராம், மேல இருந்து ஒரேயடியா இறக்காமல், பழகப் பழக மெல்ல மெல்ல கீழ கொண்டு வந்தவராம். இண்டைக்கு வீடுகளில இருக்கிறதில கனக்க அந்த 11 இன்ர வழிதான். காட்டில இருக்கிறது தோலுக்காக வேட்டையாடி அருகிப் போச்சு. அப்பிடி காப்பாத்தி வந்த சீவனை இந்தச் சூட்டில கொண்டு வந்து நான் பாத்துக்கொண்டு இருக்கேலாது. நீ வா, வராமல் இரு எண்டு நான் சொல்லேல்ல, ஆனா இதுகள் இருக்கும் மட்டும், 15 வருசம், 20 வருசம்கூட இருக்குமாம், அங்க இருந்து பார். நான் அங்க வாறன். இந்த முறை பிளைட்டில கஜு வராது.

காசுக்கு யோசிச்சு வெட்டிட்ட போகாமல் இருக்காத, என்ர இ.பி.எஃப். காசில ஒரு பகுதி அப்பிடியே கிடக்குது, அதை நான் வேற என்னத்துக்கு வைச்சிருக்கிறன். நீ சாப்பிட்டனியோ தெரியாது, பிரேக்கில முதல் சாப்பிடு, பிறகு வெட்டுக்கு எடு.

வீட்டை போனதும் குசினித் தராசில பேசினை வைச்சு பூச்சியமாக்கிப்போட்டு அவனை நிறு. போன மாசம் நீ அனுப்பினது 584 எண்டு நான் கலண்டரில எழுதி வைச்சிருக்கிறன், 526க்கு கிட்ட வந்திட்டா பத்துக்கு ஒண்டு குறைஞ்சிட்டுது எண்டு அர்த்தம், வேற ஒண்டும் பாக்காமல் ஓடு. எத்தினை மணியா இருந்தாலும் அந்த நம்பரை எனக்கு போடு, நான் போனை கையிலயே வைச்சிருக்கிறன்.

அம்மா