அம்மாவின் பையில் இருக்கும் தாள்

கொழிஞ்சாம்பாறை,
சித்திரை 9.

அன்பு மகனுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் கேட்டதற்கு, அம்மா பக்கத்தில் படுத்திருந்ததால் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. "ஐசியூவுக்கு ஏன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தீர்கள், பணத்துக்காகவா?" என்றாய். பணத்துக்காக இல்லை. நடந்ததை எழுதுகிறேன், படித்த பிறகும் கோபம் வந்தால் கோபித்துக்கொள்.

செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்து, மேசை விசிறியை முகத்துக்கு நேரே திருப்பி வைத்தேன். முகத்தில் காற்றுப் பட்டால் திணறல் ஓரளவு தணியும் என்று பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் சிஸ்டர், அதாவது நோயின் வேதனையைத் தணிக்க வீட்டுக்கு வரும் நர்ஸ், சொல்லியிருந்தார். அவசரத்துக்கென்று எழுதிவைத்திருந்த மார்ஃபின் மாத்திரையையும் கொடுத்தேன். வலிக்கு மட்டுமல்ல, மூச்சுத்திணறலுக்கும் அது கேட்கும். ஆனால் முக்கால் மணி நேரமாகியும் அடங்கவில்லை. சிஸ்டர் பகலில்தான் வருவார் என்பதால், ஆம்புலன்ஸ் வைத்து வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போனோம்.

காஷுவாலிட்டியில் இருந்த இளம் மருத்துவர் அம்மாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். நானோ கிளம்பிய பதற்றத்தில் ஃபைலை வீட்டிலேயே விட்டுவிட்டேன். புற்றுநோய் மார்பகத்தில் தொடங்கி நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது, கீமோ நிறுத்தியாயிற்று என்பது வரை ஒழுங்காகச் சொன்னேன். மருந்து எத்தனை மில்லிகிராம் என்று கேட்டபோது, முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தியவனுக்கு "வெள்ளை மாத்திரை, நாலு மணிக்கொரு தடவை" என்பதற்கு மேல் வாயில் வரவில்லை. விவரம் தெரியாதவர்கள் எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்யத்தானே வேண்டும்? கீமோவில் நரம்பெல்லாம் சுருங்கிப்போன அந்தக் கையில் இரத்தம் எடுக்க மூன்று இடத்தில் குத்தினார்கள். மூன்றாவது குத்துக்கு அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பது தெரிந்தது. ஊசி வழியாக ஒன்றேகால் லிட்டர் எடுத்தார்கள். விடியற்காலையில் காப்பி கேட்டாள். ஆகவே அங்கே போனது தவறில்லை, இன்னொரு முறை நீர் கோத்தாலும் போவேன். நீர் எடுப்பதற்கு முன்பே, மூச்சு இன்னும் மோசமானால் ஐசியூவுக்கு மாற்றித் தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கச் சம்மதமா என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். அதில்தான் வேண்டாம் என்று கையெழுத்திட்டேன்.

அது என் முடிவு அல்ல. குழாயும் ஐசியூவும் வேண்டாம் என்று தை மாதமே சிஸ்டர் முன்னிலையில் அம்மா சொல்லிவிட்டாள். குழாய் போட்டால் நோய் ஒரு நெல்லளவும் குறையப்போவதில்லை. குழாயை எடுக்கும் நாள் வராமலே போகலாம். அதுவரை பேச முடியாது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நிற்க வேண்டும். இப்படி எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்டது. நடைமுறை கடினமாக இருந்ததால், இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்திட்டால் போதும் என்று 2023இல் எளிதாக்கியது. அம்மா சித்தூரில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள். உன்னிடம் சொல்லாதது என் பிழை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

இதற்காக இனி ஆஸ்பத்திரியே கிடையாது என்று எண்ணிவிடாதே. முதுகுவலி திடீரென்று ஏறி, கால் துவண்டு, சிறுநீர் நின்றுபோனால், கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்று பொருள். உடனே ஸ்டீராய்டும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் கொடுக்காவிட்டால் கால்கள் திரும்ப வராமலே போகக்கூடும் என்பதால், அப்போது நடுநிசி என்றும் பார்க்க மாட்டேன். எலும்பு முறிந்தாலும், மாத்திரைக்கு அடங்காத வலி வந்தாலும் அப்படியே. அவள் சிரமம் குறையுமா என்பது ஒன்றைத்தான் நான் பார்க்கிறேன்.

மற்ற நாட்களில் வீட்டிலேயே கவனிப்பு நடக்கிறது. கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் 1993இல் தொடங்கிய இந்தப் பாலியேட்டிவ் முயற்சி, 2008இல் கேரள அரசின் கொள்கையாகி, பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வருமளவுக்கு வளர்ந்திருக்கிறது. அரசு ஆபீஸ் தாளெல்லாம் மலையாளத்தில் வருகிறதென்று எத்தனை வருஷம் குறைபட்டிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன்.

இப்போது ஃபைல், மருந்துச் சீட்டு, அம்மா எழுதிக் கொடுத்த அந்தத் தாள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வாசல் கதவு ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன். தாளின் நகலை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீ அபுதாபியிலிருந்து மருத்துவரை அழைத்து, "பணம் நான் கட்டுகிறேன், எல்லாம் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த ஒரு வார்த்தையில் அவள் எழுதிவைத்தது காற்றில் போய்விடும்.

ஜூனில்தான் லீவு என்றாய். அதற்கு முன்பே வரப் பார். இங்கே இப்போது நுங்கு கிடைக்கிறது. அது ஒன்று அவளுக்குத் தொண்டையில் சிரமமில்லாமல் இறங்குகிறது.

அன்புடன்,
அப்பா