மாட்டுக்கென்று விற்ற மருந்துத் துப்பாக்கி: அளவும் சரியில்லை, முனையும் சரியில்லை

அனுப்புநர்: கறவை மாடு வளர்ப்பவர், திருவாரூர் மாவட்டம்
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர், கால்நடைக் கருவிகள் விற்பனை நிறுவனம்
பொருள்: குடற்புழு மருந்து புகட்டும் துப்பாக்கியின் குறைபாடு, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

உங்கள் இணையக் கடையில் ரூ. 1,850 கொடுத்து வாங்கிய மருந்துத் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன். பில் நகல், அட்டைப்பெட்டியின் படம், கருவியின் படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். போனில் ஆளுக்கொரு பதில் சொல்கிறீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கம் மாடு வாய்க்கால் கரையிலும் அறுப்பு முடிந்த வயலிலும்தான் மேயும். அங்கே நத்தை உண்டு. நத்தை இருக்கும் இடத்தில் கல்லீரல் தட்டைப்புழுவுக்கும் குறைவிருக்காது. எவ்வளவு தீவனம் வைத்தாலும் மாடு இளைக்கும், கழியும், பால் இறங்கும். முற்றிப்போனால் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். ஆகவே பூச்சி மருந்து கொடுப்பது எங்களுக்குத் தவிர்க்க முடியாத வேலை. ஆக்ஸிகுளோசனைடு போன்ற மருந்தை மாட்டின் எடைக்குத் தகுந்த அளவில் கொடுத்தால்தான் புழு சாகும். குறைத்துக் கொடுத்தால் கொஞ்சம் சாகும், மிச்சம் தாங்கிப் பிழைத்துக்கொள்ளும். அப்படிப் பிழைத்தது பெருகினால் பிறகு அந்த மருந்தே வேலை செய்யாமல் போகும். மருந்துத் துப்பாக்கி என்பது முதலில் ஓர் அளவைக் கருவி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என் கலப்பின ஜெர்சி ஒன்றின் நெஞ்சுச் சுற்றளவு 64 அங்குலம். தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை நீளம் 52 அங்குலம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் சுமார் 323 கிலோ வருகிறது. கால்நடை மருந்தக டாக்டர் அந்த எடைக்கு எழுதிக் கொடுத்தது 3.4 சதவீத ஆக்ஸிகுளோசனைடு 100 மில்லி. உங்கள் கருவியின் அதிகபட்ச அளவு 30 மில்லி. சரி, 25-இல் வைத்து நான்கு முறை அழுத்தினால் கணக்கு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முடியவில்லை. கழிச்சல் நிற்காததால் டாக்டருக்குத் துப்பாக்கி மேல் சந்தேகம் வந்தது. மருந்தகத்திலேயே ஓர் அளவு ஜாடியில் அதே மருந்தை அடித்துப் பார்த்தோம். 25-இல் வைத்து நான்கு அழுத்து: ஜாடியில் நின்றது 80 மில்லி. அதாவது மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு மாட்டுக்குப் போகவே இல்லை. மாட்டின் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறையாமல் போக வேண்டிய மருந்து எட்டரைகூட எட்டவில்லை. மருந்து கெட்டியாக இருப்பதால் அப்படி என்று நீங்கள் சொல்லக்கூடும் என்று தண்ணீரையும் அடித்து, மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் நிறுத்தேன். 25 கிராம் வர வேண்டிய இடத்தில் ஓர் அழுத்துக்கு 22 கிராம்தான். 10-இல் வைத்தால் மட்டும் அளவு சரியாக வருகிறது. மேலே போகப் போகத்தான் குறைகிறது.

காரணத்தையும் நானே சொல்கிறேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள கறுப்பு வாஷர் முழு நீளத்துக்கு இழுக்கும்போது சிலிண்டரோடு ஒட்டி நிற்பதில்லை, பின்பக்கம் கசிகிறது. உறிஞ்சு குழாயோ மெல்லியது. பிடியை விட்டதும் கெட்டி மருந்து மெதுவாகத்தான் ஏறுகிறது, நிரம்புவதற்குள் மேலே காற்று நின்றுவிடுகிறது. சிலிண்டர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலாவது காற்றைப் பார்த்திருக்கலாம். மங்கலான வெள்ளை பிளாஸ்டிக்கில் வெள்ளை மருந்து, என்ன தெரியும்? எங்கள் அப்பா காலத்தில் மூங்கில் குழாயில் அளந்து ஊற்றிப் புகட்டுவார்கள். கடைவாயில் வழியும், சிந்தும். ஆனால் சிந்தியது கண்ணுக்குத் தெரியும், அவ்வளவையும் திரும்ப ஊற்றலாம். உங்கள் கருவியில் குறைந்தது தெரியவே வழியில்லை.

அடுத்தது முனை. மாட்டுக்கு மருந்து புகட்டுபவர்கள் தலையை வானத்தைப் பார்க்கத் தூக்க மாட்டார்கள். முகரை கண் மட்டத்தைத் தாண்டினால் மருந்து மூச்சுக்குழாயில் இறங்கி, நுரையீரலில் சீழ் வைக்கும். தலையைச் சற்றே நிமிர்த்தி, முன்பல்லுக்கும் கடைப்பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத இடைவெளி வழியாக முனையை விட்டு, நாக்கின் பின்பகுதியில் மெல்ல இறக்க வேண்டும். நாக்கின் முன்பாதியில் விட்டால் பாதி துப்பிவிடும். அல்பெண்டசோல் போன்ற மருந்து என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: உணவுக்குழாயின் முடிவில் இருக்கும் உணவுக்குழாய்ப் பள்ளம் என்ற மடிப்பு குழாய்போல மூடிக்கொண்டு மருந்து முதல் வயிற்றைத் தாண்டி நேரே நான்காம் வயிற்றுக்குப் போய்விடலாம். முதல் வயிற்றில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து அது. ஆகவே மாட்டுக்கு நீளமான, லேசாக வளைந்த, நுனி உருண்டையான முனை வேண்டும். நீங்கள் கொடுத்திருப்பது ஆட்டுக்குப் போதுமான நீளத்தில் நேரான உலோகக் குழாய். நுனியை அறுத்தவர்கள் அரத்தால்கூடத் தேய்க்கவில்லை. விரலை வைத்துச் சுற்றினால் பிசிறு தோலைக் கீறுகிறது. இரண்டாவது அழுத்தில் மாடு தலையை உதறியது, எச்சிலோடு ரத்தம் வந்தது. கன்னத்தின் உள்பக்கம்தான் கிழிந்திருந்தது. தொண்டையில் குத்தியிருந்தால் சீழ்கட்டி வைத்து மாடே போயிருக்கும் என்றார் டாக்டர். ஒரே அழுத்தில் முழு அளவும் போகும் கருவியாக இருந்தால் ஒரு முறை பிடித்தால் போதும். இதில் நான்கு தடவை வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதிலேயே இருமத் தொடங்கும் மாட்டைத் தலையை விட்டு, ஆசுவாசப்படுத்தி, மறுபடி பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது முதலில் பேசியவர் மாடு ஆடியிருக்கும் என்றார். அளவு ஜாடி ஆடாது என்று சொன்னேன். வேறொருவர், இது ஆட்டுக்கான மாடல், மாட்டுக்கு வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார். பெட்டியில் போட்டிருக்கும் படம் பசுமாடு. விளம்பரத்தில் இருப்பது "ஆடு, மாடு, எருமை அனைத்துக்கும்" என்ற வரி. இணையத்தில் வாங்குபவன் பெட்டியில் எழுதியதை நம்பித்தானே தேர்ந்தெடுக்க முடியும்? முனையின் நீளம், நுனியின் வடிவம், வாஷர் என்ன பொருளில் செய்தது, எந்த அளவு வரை துல்லியம் என்று ஒரு வரிகூட நீங்கள் போடவில்லை. இருந்த வாஷரும் மருந்து பட்டுக் கழுவி வைத்த சில வாரத்தில் உப்பிப் பிசுபிசுத்துவிட்டது. அது தனியாகக் கிடைக்காதாம், முழுக் கருவியையும் புதிதாக வாங்க வேண்டுமாம்.

ஏழு நாள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்பது அடுத்த பதில். பெரிய மாட்டுக்குப் பூச்சி மருந்து மாதாமாதம் கொடுப்பதில்லை. டாக்டர் சொல்லும் பருவத்தில் கொடுப்பது. அப்படி எப்போதாவது எடுக்கும் கருவிக்கு ஏழு நாள் கெடு வைப்பது எதற்கென்று எனக்குப் புரியவில்லை. தவிர, பழுதான பொருளையும் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளிலேயே இருக்கிறது.

கடைசியாகப் பேசியவர், நான் பால் விற்பதால் நுகர்வோர் ஆக மாட்டேன் என்று சட்டம் பேசினார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐ அவர் பாதியில் மூடிவிட்டார் போலிருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதே சட்டம் விளக்கம் கொடுக்கிறது. எங்கள் கொட்டகையில் சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் நானும் என் மனைவியும்தான்.

என் கோரிக்கை இது. ரூ. 1,850-ஐயும், கருவியைத் திருப்பி அனுப்பும் செலவையும் தர வேண்டும். இரண்டாம் முறை வாங்கிய மருந்துக்கும் காயத்துக்குப் பார்த்த வைத்தியத்துக்கும் ஆன செலவு ரூ. 640, சீட்டு இணைத்திருக்கிறேன். விளம்பரத்திலிருந்து "மாடு, எருமை" என்ற சொற்களையும் பெட்டியிலிருந்து பசுவின் படத்தையும் எடுங்கள். இதே கருவியை வாங்கிய மற்றவர்களுக்கு அளவு குறைவதைப் பற்றித் தகவல் அனுப்புங்கள். எனக்குப் பணம் வருவதைவிட இது முக்கியம். அவர்களுக்கு மாடு ஏன் தேறவில்லை என்றே இன்னும் தெரியாமல் இருக்கும். மாற்றுக் கருவி வேண்டாம், அதே தொழிற்சாலைச் சரக்கை நான் மாட்டின் வாயில் வைக்கப் போவதில்லை.

புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அந்த மின்வணிக விதிகளில் உள்ளதுதான். அது நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் உங்கள் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை.

அளவு குறைகிறது என்பதில் சந்தேகம் இருந்தால் உங்கள் டெக்னீஷியனை அனுப்புங்கள். கருவியைக் கழற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன். மருந்தகத்தில் டாக்டர் முன்னால் ஜாடியில் அடித்துக் காட்டுகிறேன். காலைக் கறவை முடிந்து ஒன்பது மணிக்கு மேல் வந்தால் நல்லது. முந்தின நாள் போன் செய்தால் போதும், மாட்டை மேய்ச்சலுக்கு விடாமல் கட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்ப்பவர்

இணைப்பு: பில் நகல், பெட்டி மற்றும் விளம்பரத்தின் படங்கள், அளவு ஜாடியின் படம், டாக்டர் சீட்டு, மருந்துச் செலவுச் சீட்டு