கற்பனைப் படம் என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் ஈர்ப்பு அலைகள் (கருந்துளை மாதிரி கனமானவை மோதும்போது வெளியில் பரவும் அதிர்வு) பற்றிய கட்டுரையில், கருந்துளைகள் மோதுவதாகக் காட்டுவதெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்த கற்பனைப் படம்தான் என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை, இரண்டு கருந்துளைகள் சுற்றிவந்து மோதுவதற்கு, ஈர்ப்பு விசைக்கான ஐன்ஸ்டீன் சமன்பாடுகளைப் பேப்பரில் முழுசாகத் தீர்க்க முடியாது. கம்ப்யூட்டரில் 1964லேயே முயன்றார்கள். அவை சுற்றி, மோதி, ஒன்றாகும் வரைக்கும் கணக்கு நடுவில் உடையாமல் ஓடியது 2005ல்தான், ஃபிரான்ஸ் பிரிட்டோரியஸ் என்ற இயற்பியலாளர் ஓட்டிக் காட்டினார். 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பு அலையைப் பிடிக்க அமெரிக்காவில் வைத்திருக்கும் லைகோ கருவிகளில் சிக்கிய அலை 0.2 விநாடிதான் இருந்தது. அதை வைத்து, சூரியனைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் எடையுள்ள இரண்டு கருந்துளைகள் சேர்ந்து 62 மடங்கு எடையுள்ள ஒன்றானது, மிச்சம் 3 சூரியன் எடை அலையாகப் போய்விட்டது என்று எப்படிச் சொன்னார்கள்? இந்தக் கணக்குகளிலிருந்து வந்த அலை வடிவங்களோடு பொருத்திப் பார்த்துத்தானே!

என் மகள் இதே துறையில் ஆராய்ச்சி மாணவி. ஒரு 'ரன்', அதாவது ஒரு மோதலுக்கான கணக்கு, போட்டால் சூப்பர் கம்ப்யூட்டரில் வாரக்கணக்கில் ஓடும். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது நடுராத்திரி லேப்டாப்பைத் திறந்து பார்க்கிறாள், எண்கள் இருக்கவேண்டிய பத்தி முழுக்க 'நேன்', 'நேன்' என்று வரிசையாக நிற்கிறது. 'இது எண்ணே இல்லை' என்று கம்ப்யூட்டர் சொல்வது அது, அதாவது கணக்கு செத்துவிட்டது. கணக்குப் போட வெளியைக் கூறுபோட்ட கட்டங்களை இன்னும் பொடியாக்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கற்பனைப் படத்துக்கு இவ்வளவு பாடு யாராவது படுவார்களா?

மோதியபின் கருந்துளை, தட்டிய வெண்கல மணி மாதிரி அதிர்ந்து அடங்கும் என்று 1970லேயே கணக்கில் காட்டியவர் நம் பெங்களூர்க்காரர் சி.வி. விஸ்வேஸ்வரா. கட்டுரையில் அவர் பெயரே இல்லை. மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் லைகோ அமைக்க 2023ல் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது, அதற்கும் சேலம் பதிப்பில் இடமில்லை. ஏற்காடு கோடை விழா மலர்க் கண்காட்சிக்கு மட்டும் பக்கம் பக்கமாகப் படம் வருகிறது. ஞாயிறு அறிவியல் பக்கம் முதலில் அரைப்பக்கம் ஆனது, அப்புறம் அதுவும் ராசிபலனுக்குப் போனது. அப்போதே வருத்தப்பட்டு எழுதினேன், ஒரு வரி பதில் வரவில்லை. சரி, அதை விடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து இறங்கி இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பையன் ஒருவன் என்னிடம் டியூஷன் வருகிறான். உங்கள் வரியைக் காட்டி, "அப்ப அக்கா பண்றது டூப்பா சார்?" என்று கேட்டான். அந்த அக்காவைப் பார்த்துத்தான் அவன் இயற்பியல் எடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வரும் ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனி இப்படிப் படம் போட்டால் கீழே 'சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்துக் கிடைத்த படம்' என்று பொடி எழுத்திலாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.