அந்த பீமை அசையாமல் பூட்டிவிடாதே தம்பி

அன்புள்ள தம்பி,

நீ அஷ்டமுடியிலிருந்து அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி திரும்பத் திரும்பப் பார்த்தேன். உன் ரெட்டைப் படகில் ரெண்டு ஹல்லையும் (தண்ணீரில் மிதக்கும் உடல்களை) சேர்த்துப் பிடிக்கும் குறுக்குக் கட்டைதானே பீம், அந்த முன் பீம் ஹல்லின் மேல் உட்காரும் இடத்தில் போல்ட் ஓட்டையைச் சுற்றிக் கறுத்திருக்கிறதே, அதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. அதோடு, 'ரப்பரை எடுத்துவிட்டு, தடிமனான போல்ட்டும் இரும்புத் தகடும் வைத்து அசையாமல் பூட்டிவிடலாம் அண்ணே' என்று வேறு எழுதியிருக்கிறாய். வேண்டாம் மக்கா.

அது ரெட்டைப் படகுகளை வடிவமைத்த ஜேம்ஸ் வாரம் (Wharram) என்ற வெள்ளைக்காரர் வரைந்த பழைய ரகப் படகு. அலையில் ரெண்டு ஹல்லும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காது, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். அந்த முறுக்கலைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளத்தான் பீமுக்கும் ஹல்லுக்கும் நடுவில் ரப்பர் வைத்தார்கள். நீ அதை இறுக்கிவிட்டால் முறுக்கல் நின்றுவிடாது, அத்தனை விசையும் போல்ட் ஓட்டையைச் சுற்றியுள்ள மரத்துக்குள் இறங்கும், அடுத்த ஆனி ஆடிக் கடலில் ஓட்டை நீள்வட்டமாகிவிடும்.

நம் அப்பா நீரோடிக் கரையில் மரம் கட்டியதை நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். தும்புக்கயிறுதான், ஆணியே கிடையாது. கரை ஏறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார். கட்டுமரம் என்ற நம் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் இப்படிப்பட்ட ரெட்டைப் படகுக்கு வைத்துக்கொண்டான். ஜேம்ஸ் வாரமும் 1980களில் வரைந்த டிக்கி (Tiki) ரகத்தில் போல்ட்டை விட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டுக்கு வந்துவிட்டார். அதில் 21 அடிப் படகு ஒன்றில் ரோரி மெக்டூகல் 1991இல் கிளம்பி 1997இல் உலகத்தைச் சுற்றி முடித்தார்.

சரி, இனி வேலை. பீமைத் தொடுவதற்கு முன்னால் பாய்மரத்தை இறக்கிவிடு, ரெண்டு ஹல்லுக்கும் அடியில் சமமாக முட்டுக் கொடு. ஒரு நேரத்தில் ஒரு பீம் மட்டும்தான் கழற்ற வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தால் ஹல் நகர்ந்து, ஓட்டைகள் திரும்பச் சேராது. போல்ட்டை முழுசாக வெளியே உருவிப் பார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே என்று நம்பாதே. அதைத் துருப்பிடிக்காமல் காப்பது காற்று படும் மேல்தோல்தான்; ஈர மரத்துக்குள் காற்றில்லாமல் உப்புத்தண்ணீரோடு கிடந்தால் தலையும் நட்டும் பளபளவென்று இருக்க, நடுத்தண்டு அரித்து மெலிந்திருக்கும். தலையை மட்டும் பார்த்து ஏமாந்து, கடலில் வைத்துத் தண்டு அறுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மரம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வா, 'டொக்' என்று மந்தமாகக் கேட்கும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பார். உளுத்ததை ஈவு இரக்கமில்லாமல் செதுக்கி எடு, நல்ல மரம் வரும்வரை. இற்றுப்போன மரத்துக்கு மேல் ஃபைபர் ஒட்டி மூடிக்கொடுத்த ஒரு யார்டில் நான் ஆறு மாதம் வேலை பார்த்தேன். உள்ளே மாட்டிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அடுத்த வருஷமே பீம் மாவாகிப்போனது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை. செதுக்கிய இடத்தில் ஒட்டுப் போடக் காய்ந்த அயினி மரம் போதும். தேக்குதான் வேண்டுமென்றால் அசிட்டோன் போட்டுத் துடை, அதன் எண்ணெய்ப்பசையில் எப்பாக்சி என்கிற ரெண்டு கலவைப் பசை சரியாகப் பிடிக்காது. பழைய ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்துக் கெட்டி எப்பாக்சி நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் புதிதாகத் துளை போடு. அப்போது போல்ட்டுக்கும் மரத்துக்கும் இடையே சுவர் மாதிரி எப்பாக்சி நிற்கும், தண்ணீர் மரத்தைத் தொடாது.

போல்ட்டா கயிறா என்று கேட்டாய். என்னைக் கேட்டால் கயிறுதான், ஏனென்றால் அது தேய்வது கண்ணுக்குத் தெரியும். ஆனால் உன் படகில் கயிறு பிடிக்கும் மேடுகள் ஹல்லில் இல்லை. வரைபடம் பார்த்து அதைப் பலமாக ஒட்டிய பிறகே கட்ட முடியும். நைலான் வாங்காதே, ரொம்ப இழுபடும். முன்பே இழுத்து நீளம் எடுத்த பாலியஸ்டர் கயிறு வாங்கு. பீமின் விளிம்புகளை உருட்டித் தேய்த்துவிட்டு நிறையச் சுற்று போட்டு, கடைசியில் அந்தச் சுற்றுகளுக்கு நடுவே குறுக்காகச் சுற்றி இறுக்கு, இறுக்கம் அதில்தான் வரும். மேடு ஒட்ட இந்த வருஷம் கை ஓடாதென்றால் புது ரப்பரும் 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் போடு, ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முடுக்காதே.

மழையில் எப்பாக்சி வேலை தொடங்க வேண்டாம், தை பிறக்கட்டும். முன் பீமை நீ கழற்றும் அன்று நானும் அங்கே இருக்க வேண்டும், அப்பாவின் கொட்டாப்புளியை, அந்த மரச்சுத்தியலைக் கொண்டுவருகிறேன்.

அண்ணன்