புல் பூக்கும் முன்பே வெட்டுங்கள்: நகரப் பூங்காத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்காத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். வசந்தம் பிறந்தால் மகரந்த ஒவ்வாமையால் அவதிப்படுவோரின் மனுக்கள் உங்கள் மேசைக்கு வருவது புதிதல்ல என்பதால், பழைய கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கடந்த வாரம், பள்ளியில் தேர்வு நடந்துகொண்டிருந்த முற்பகல் வேளையில், அதன் சன்னல்களை ஒட்டிய திடலில் பூத்து நின்ற புல்லை இயந்திரம் வைத்து வெட்டியதோடு, போதாக்குறைக்குக் காற்று ஊதும் கருவியால் தூற்றியும் விட்டிருக்கிறீர்கள்.

அந்த அறையில் என் மகளும் எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே கோடு விழுந்துவிட்ட பெண் அவள். ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே அன்று அடித்து அன்றே பலன் தருவதல்ல என்று மருத்துவர் சொன்னதால், பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தவறாமல் அடித்து வருகிறோம். துணிகளை வீட்டுக்குள்ளேயே உலர்த்துகிறோம். அவள் வெளியே போய்வந்ததும் தலைக்குக் குளிக்க வைக்கிறோம். இத்தனை கவனமும் அன்று ஒரு மணி நேரத்தில் வீணாயிற்று. அடுக்கடுக்காகத் தும்மி, கண்ணீரும் மூக்குநீரும் விடைத்தாளில் சொட்ட, மை கரைந்த பக்கத்தை மறுபடி எழுத அவளுக்கு நேரமில்லாமல் போனது. மூக்கடைப்போடு வாயால் மூச்சுவிட்டுத் தூக்கம் கெட்ட இரவுகளையெல்லாம் தாண்டித்தான் அவள் அந்தத் தேர்வுக்குப் படித்திருந்தாள்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: புல் பூக்கும் முன்பே வெட்டுங்கள், வெட்டும் நாளை முன்கூட்டியே அறிவியுங்கள்.

இந்த நோய்க்குக் காரணம் மகரந்தம்தான் என்பதை ஆங்கிலேய மருத்துவர் சார்லஸ் பிளாக்லி தம் உடம்பிலேயே சோதித்து 1873-இல் நூலாக எழுதிவிட்டார். செய்தி இன்னும் உங்கள் அலுவலகத்தை வந்தடையவில்லை போலும். ஒவ்வாமை உள்ளவர்கள் அருகே வர வேண்டாம் என்று ரோஜாப் பாத்திக்குப் பலகை வைத்த உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் ரோஜாவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. அதைப் பூச்சிகள்தாம் சுமந்து செல்கின்றன. காற்றில் பறந்து வந்து எங்களை வாட்டுவது, பூ என்று யாரும் ஏறெடுத்தும் பார்க்காத புல்லின் மகரந்தம். பழம் விழுந்து நடைபாதை அழுக்காகுமென்று ஆண் மரங்களாகவே தேடி நட்டு, மகரந்தத்தைப் பெருக்கிய சாமர்த்தியத்தைப் பற்றி எழுதினால் அது தனி மடலாகிவிடும்.

கடுமையாக எழுதிவிட்டதாகத் தோன்றினால் பொறுத்தருள்க. இனிவரும் ஆண்டுகளில் பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றை ஒட்டிய திடல்களிலாவது புல்லைப் பூக்கும் முன்பே வெட்ட வேண்டும். இந்த ஆண்டு அந்தக் கட்டம் கடந்துவிட்டதால், மீதமுள்ள தேர்வுகள் முடியும்வரை பள்ளி நேரத்தில் அத்திடலில் இயந்திரம் இறங்காதவாறு ஆணை பிறப்பிக்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேர்வெழுதும் மாணவி ஒருத்தியின் தாய்